தீவுக்குப் போறோம்... தண்ணி யார் பிடிக்கிறது?

எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஜனங்களுக்குத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிப் பழக்கம் உண்டு. தண்ணீரைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்குக் காசு கொடுத்துப் பழக்கமில்லை.

கரிசல் காடு, சீமைக் கருவேலம், வானம் பார்த்த வெள்ளாமை. திருச்சுழியை ஒட்டிக் குண்டாறு என்று ஓர் ஆறு இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், பாலத்தின் மேல் பைக்கை நிறுத்தி, பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி, அரை மணி நேரம் ரசித்துவிட்டுத்தான் ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள். செலவு: பெட்ரோல் மட்டும்.

திருச்சுழி பூமிநாதர் கோயில் தலபுராணம் கேட்டிருப்பீர்கள். பிரளய வெள்ளம் ஊரை நோக்கி வந்தபோது சிவபெருமான் அதைச் சுழித்துப் பூமிக்குள் அனுப்பிவிட்டாராம். அதனால்தான் ஊருக்குச் சுழியல் என்று பெயர். அனுப்பினது அனுப்பினதுதான் ஸார், இன்றுவரை மேலே வரவில்லை. போர் போடுகிறவர்கள் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மண்ணில் இப்போது ஒரு புதுக் கேள்வி கிளம்பியிருக்கிறது. 'இந்த லீவுக்கு எந்தத் தீவு?' ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் மாலத்தீவில் தண்ணீருக்கு மேலே கட்டிய மர வீட்டில் காலைத் தொங்கப் போட்டபடி எடுத்த போட்டோவை செல்போனில் காட்டுகிறார். அதை நாம் வீட்டில் காட்டித் தொலைக்கிறோம். அத்தோடு அந்த வாரத்து நிம்மதி காலி.

என் வீட்டுக்கு இந்த வியாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. சொந்தக்காரப் பையன் ஒருவன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பெண்டாட்டி பிள்ளைகளோடு கரீபியன் தீவு ஒன்றுக்குப் போய் வந்து நாற்பது போட்டோ அனுப்பினான். நாற்பதிலும் நீலம். என் பெண் கேட்டாள்: "அப்பா, இது எம்புட்டு தூரம்?"

கரீபியனுக்குப் போன நம்மாட்கள்

தூரம்தான். இந்தியாவிலிருந்து கரீபியனுக்கு நேர் விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ மாறிப் போகவேண்டும். சில இடங்களில் ப்ளேன் மாறுவதற்கே தனியாக விசா கேட்பார்கள். நமக்கு அந்தத் தீவுகள் தெரிந்ததெல்லாம் வெஸ்ட் இண்டீஸ் பௌலர்கள் மூலமாகத்தான்.

ஆனால் நம்மாட்கள் அங்கே ஏற்கெனவே போயிருக்கிறார்கள். 1853-ல் மார்த்தினிக் தீவுக்கும், 1854-ல் குவாதலூப் தீவுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். ரிசார்ட்டுக்கு இல்லை, கரும்புத் தோட்டத்துக்கு. மாதக்கணக்கில் கடல் பயணம், ஒப்பந்தக் கூலி. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்கள் வாரிசுகள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அந்தத் தீவுகளில் மசாலா போட்டு வைக்கிற ஒரு குழம்புக்கு 'கொலம்போ' என்றே பெயர்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம பழைய ராமநாதபுரம் ஜில்லாவில், மழை பொய்த்த வருஷங்களில் ஜனங்கள் கிளம்பிப் போனது சிலோன் என்கிற தீவுக்குத்தான். மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகு அனுப்புவார்கள். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்ததும் தனுஷ்கோடி வரை ரயில், அங்கேயிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வழி சுலபமானது.

ஆக, நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தீவு என்றால் பிழைப்பு. சம்பாதிக்கப் போன இடம். சம்பாதித்ததைச் செலவழிக்கத் தீவுக்குப் போகிற முதல் தலைமுறை நாம்தான். அதனால்தான் கை கொஞ்சம் நடுங்குகிறது. இது கஞ்சத்தனம் இல்லை. இந்தச் செலவுக்கு வீட்டில் முன்மாதிரி கிடையாது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு எவ்வளவு, காது குத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் எங்கள் அப்பா தூக்கத்தில்கூடச் சொல்வார். சந்தோஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டேன். கரீபியனை அடித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற மாலத்தீவை எழுதினேன்.

சின்ன எழுத்தும் பெரிய வரியும்

விளம்பரத்தில் பெரிதாக ஒரு தொகை இருக்கும். 'முதல்' என்ற வார்த்தையும், தலையில் ஒரு நட்சத்திரமும் இருக்கும். அந்த நட்சத்திரம் ஓட்டலின் தரத்தைக் காட்டுவதல்ல. 'கீழே படிக்கவும்' என்று அர்த்தம். கீழே பொடி எழுத்தில், 'ஒருவருக்கு, இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால்' என்று இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு முதலில் அதை நாலால் பெருக்குங்கள். பிறகு மற்றதைப் பார்ப்போம்.

மாலத்தீவில் மொத்தம் சுமார் 1,190 தீவுகள். சுமார் இருநூறில்தான் அந்த ஊர் ஜனங்கள் வாழ்கிறார்கள். 1972-ல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து அங்கே நடைமுறை, ஒரு தீவுக்கு ஒரு ஓட்டல். பார்க்க ராஜபோகம். ஆனால் பி.காம். கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். டீக்கடை அவர்களுடையதுதான், மருந்துக்கடை அவர்களுடையதுதான், ஊருக்குத் திரும்புகிற படகும் அவர்களுடையதுதான். 'எதுத்த கடையில் ரெண்டு ரூபாய் கம்மி' என்று சொல்ல எதிரே கடை இல்லை. கடல்தான் இருக்கிறது.

இனி வரி. எல்லாம் டாலரில். கணக்குக்கு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு. நாலு பேர், நாலு ராத்திரி என்றால் 192 டாலர், அதாவது 17,280 ரூபாய். இது சாப்பாட்டுக்கு இல்லை, படுக்கைக்கு இல்லை. அந்தக் காற்றைச் சுவாசித்ததற்கு.

அடுத்தது புறப்பாட்டு வரி. 2024 டிசம்பர் முதல், வெளிநாட்டுக்காரர் எகானமி கிளாஸில் திரும்பினால் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய வளர்ச்சிக் கட்டணம் 50 டாலர். டிக்கெட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள், அதனால் வலி தெரியாது. நாலு பேருக்கு 36,000 ரூபாய். வந்ததற்கு இல்லை, போவதற்கு!

மூன்றாவது, பில்லில் ஏறுகிற வரி. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அதன்மேல் 2025 ஜூலை முதல் 17 சதவீதம் சுற்றுலா ஜி.எஸ்.டி. மெனு கார்டில் 100 டாலர் என்று பார்த்துச் சாப்பிட்டால் பில் 128 டாலர் 70 சென்ட் வரும்.

நாலாவது, தீவு போய்ச் சேருகிற செலவு. பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட் போட். தூரத்துத் தீவு என்றால் கடலில் இறங்குகிற குட்டி விமானம், அதற்கு ஆளுக்குச் சில நூறு டாலர். அந்தக் குட்டி விமானம் பகலில்தான் பறக்கும். சாயங்காலத்துக்கு மேல் நீங்கள் போய் இறங்கினால் அன்று ராத்திரி தலைநகர்ப் பக்கம் சொந்தச் செலவில் தங்கவேண்டியதுதான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டணம் கிடையாது. போய் இறங்கியதும் தருகிறார்கள். நாள்கணக்கில் தங்க யாரிடம் காசு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

2009-க்குப் பிறகு ஜனங்கள் வாழும் தீவுகளிலேயே சின்ன விடுதிகளுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அங்கே 50 அறைக்குக் குறைந்த விடுதியில் பசுமை வரி 6 டாலர்தான். அறை வாடகையும் பல மடங்கு குறைவு. மது கிடையாது, உடுப்பில் கட்டுப்பாடு உண்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது குறையா நிறையா என்பதை அவரவர் வீட்டில் (மனைவி கேட்காத நேரத்தில்) முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் நம் சர்க்காருக்கு டி.சி.எஸ். என்று ஒரு தொகை முன்கூட்டியே பிடிப்பார்கள். 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. சதவீதம் அவ்வப்போது மாறும், பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இது செலவு இல்லை, ரிட்டர்ன் போட்டுக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை நம் பணம் அங்கே லீவில் இருக்கும்.

வெங்காயத்தின் பயணம்

மாலத்தீவில் ஆறு கிடையாது. குடிதண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பதுதான். 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது ஊரே குடத்தோடு வரிசையில் நின்றது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ஊர் மேல் ஒரு சொந்தம் வந்தது. நம்ம ஆளுக!

சொந்தம் அதோடு நிற்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தோணிகளில் காய்கறியும் கட்டடச் சாமானும் மாலத்தீவுக்குப் போவது பல காலமாக நடக்கிற வியாபாரம். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாலு வழிச் சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. ஆக, ரிசார்ட்டில் 128 டாலர் பில்லில் உங்கள் தட்டுக்கு வருகிற வெங்காயம், போன வாரம் அருப்புக்கோட்டை பைபாஸில் உங்களைத் தாண்டிப் போன வெங்காயமாகவே இருக்கலாம். அங்கேயிருந்து நமக்கு வந்தது மாசிக் கருவாடு. அதுவும் தோணிப் பழக்கம்தான்.

கேலி பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கடலின் நீலம் நிஜம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கண்ணாடி மாட்டிக் குனிந்தால் பவளப்பாறையும் மீனும் தெரிவது நிஜம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு, கையில் ரொக்கம் வைத்திருப்பவர்களுக்கு, நீச்சல் தெரிந்தவர்களுக்கு அது நல்ல இடம். என் கேள்வி ஒன்றுதான். ஒரு சாதாரண ஆபீஸ் சம்பளக் குடும்பம், வயசான அப்பா அம்மாவோடு, அதற்குப் போகலாமா?

தவணையில் நீச்சல்

இப்போது 'முதலில் போங்க, அப்புறம் கட்டுங்க' என்று பயணத்துக்கே கடன் கொடுக்கிறார்கள். 2 லட்சம் ரூபாயை 16 சதவீத வட்டிக்கு 24 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 9,800 ரூபாய். முடிகிறபோது வட்டி மட்டும் 35,000 ஆகியிருக்கும்.

நகைக் கடன் வாங்கினால் மூட்ட நகை என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடன் வாங்கினால் வீடு இருக்கிறது. டூர் கடனில் நாலு நாள் கழித்து மிச்சமிருப்பது கறுத்துப்போன முதுகும் போட்டோவும்தான். முதுகு பத்து நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். தவணை 24 மாதம் வரும். ஐந்தாம் தேதி சம்பளம் வாங்கி ஆறாம் தேதி அந்த மர வீட்டுக்குப் பணம் கட்டுகிறபோது அந்த நீலம் எவ்வளவு நீலமாக ஞாபகம் இருக்கும் என்று யோசியுங்கள்.

உள்நாட்டுத் தீவு என்றால் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கம்பெனி எல்.டி.ஏ. கொடுத்தால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, நாலு வருஷத் தொகுதியில் இரண்டு பயணத்துக்கான டிக்கெட் செலவுக்கு வரி விலக்கு. 2022-25, 2026-29 என்று அந்தத் தொகுதிகள் போகும். இந்தியாவுக்குள் மட்டும். ஓட்டல், சாப்பாடு சேராது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இதில் பலர் கவனிக்காத விஷயம், 'குடும்பம்' என்பதில் உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவும் சேர்த்தி. பேக்கேஜ்காரர்கள் 'ரெண்டு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க' என்றுதான் குடும்பத்தை எண்ணுவார்கள். சர்க்கார் ஆறு பேராக எண்ணுகிறது. இந்த ஒரு விஷயத்தில் சர்க்காருக்குக் குடும்பம் பற்றித் தெரிந்திருக்கிறது.

வீட்டில் மூன்று கட்சி

என் வீட்டிலும் ஆறு பேர். எனக்குக் கிடைத்த கொட்டேஷன் நாலு பேருக்கு, நாலு ராத்திரிக்கு, எல்லாம் சேர்த்து 3 லட்சம். அதைப் படித்தேன்.

அம்மா உடனே, "நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்கப்பா. எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? ரெண்டு பேர் இங்கன இருந்தாத்தான தண்ணி பிடிக்க முடியும்" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் அத்தனை தூரம் கடந்து அது வருகிற நாளில் வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுத்த முறை வருகிறவரை திண்டாட்டம். அதனால் எங்கள் பக்கத்தில் குடும்பத்தோடு வெளியூர் போவது என்றால், 'ஒரு ஆளை விட்டுவிட்டு' என்று அர்த்தம். அந்த ஆள் எப்போதும் அம்மாவாக இருப்பாள். நாலு ராத்திரி கடலைப் பார்க்க நாங்கள் போவோம். ஒரு தொட்டித் தண்ணீருக்காக அவள் இங்கே இருப்பாள். இதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்தவர். அவர் கட்சி வேறு. "கடல்தானப்பா? ராமேஸ்வரம் தீவு இல்லையா? பாம்பன் பாலம் எதுக்குக் கட்டியிருக்கான்?"

நியாயமான பேச்சு. அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். 1988-ல் ரோட்டுப் பாலம். 2025 ஏப்ரலில் கப்பல் போகத் தண்டவாளத்தையே மேலே தூக்குகிற புது ரயில் பாலமும் வந்துவிட்டது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு இப்போது தார் ரோட்டில் அரிச்சல்முனை வரை போகலாம். பவளப்பாறைக்கும் பஞ்சமில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 பவளத் தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவித்தார்கள். கல்லுக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தில் அடிவாங்கி, இரண்டு தீவு கடலுக்குள் போய்விட்டன. மாலத்தீவு மூழ்கும் என்று கவலைப்படுகிறோம். நம்ம வாசலில் இரண்டு மூழ்கியது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்பா சொன்னதைக் கேட்டதும் உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "ராமேஸ்வரம்னா நான் வரலை மாமா. போன தடவை 22 தீர்த்தத்துல எல்லாரும் முழுகுனீக. ஆறு பேர் ஈரத்துணியை அலசினது யாரு? விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சுப் புளியோதரை கிண்டினது யாரு? உங்களுக்கெல்லாம் அது டூரு. எனக்கு அடுப்பு மட்டும்தான் ஊரு மாறிச்சு."

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவள் ஸ்கூலில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறு ஸ்கூலுக்குத்தான் லீவு, அடுப்புக்கு இல்லை.

அடுப்பில்லா வேளைக்கு என்ன விலை?

அன்றைக்குத்தான் என் கணக்கு சரியான பாதைக்கு வந்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் பாடம், எந்தச் செலவையும் ஒரு 'யூனிட்'டால் வகுத்துப் பார்க்கவேண்டும். துணிக்கு மீட்டர், நூலுக்குக் கிலோ. லீவுக்கு என்ன யூனிட்? ராத்திரி என்று ஓட்டல்காரன் சொல்வான். போட்டோ என்று பிள்ளைகள் சொல்லும். நான் வைத்த யூனிட், வீட்டில் அடுப்பு பற்றவைக்கிறவர் பற்றவைக்காமல் உட்கார்ந்து சாப்பிட்ட வேளை. எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதும் முக்கியம்.

மாலத்தீவு: நாலு ராத்திரியில் 12 வேளை. 3 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் வேளைக்கு 25,000. உட்கார்ந்தவர் நாலு பேர், ஆக தலைக்கு 6,250. அம்மாவும் அப்பாவும் இங்கே ரசம் சாதம்.

அந்தமான்: சென்னை வரை ரயில், அங்கேயிருந்து ப்ளேன். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் தமிழ் பேசினால் போதும், சாம்பாரும் கிடைக்கும். செல்லுலர் ஜெயில் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சரித்திரம், ஸ்வராஜ் தீவில் ராதாநகர் கடற்கரைக்குப் போனால் அந்த நீலமும் உண்டு. ஆறு பேர், ஐந்து ராத்திரி, என் கணக்கில் 2 லட்சம். 15 வேளை. வேளைக்கு 13,333. தலைக்கு 2,222.

ராமேஸ்வரம்: இரண்டு நல்ல அறை, இரண்டு ராத்திரி, 16,000. ஒரு நாள் வாடகை 7,500 வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் (அதற்கு மேல் போனால் 18), ஆக 16,800. வேன் 9,000. ஆறு பேருக்கு ஆறு வேளை ஓட்டல் சாப்பாடு 7,200. மொத்தம் 33,000. வேளைக்கு 5,500. தலைக்கு 917.

கவனியுங்கள். அதே ராமேஸ்வரம், புளியோதரைப் பொட்டலத்தோடு போனால் செலவு 33,000 வராது, பாதியில் முடிந்துவிடும். ஆனால் யூனிட் பூஜ்யம். எந்தத் தொகையையும் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று ஏழாம் கிளாஸிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குகிற டூருக்கும் இதே கதிதான். அங்கே இன்னொரு வீட்டு அடுப்பு கூடுதலாக எரியும்.

இவ்வளவுதான் நான் கண்டது. 'தீவு டூர் லாபமா நஷ்டமா' என்பது தீவைப் பொறுத்தது இல்லை. வீட்டில் வேலை செய்கிறவருக்கு அங்கே வேலை இருக்கிறதா இல்லையா, வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போகிறோம், திரும்பி வந்த பிறகு எத்தனை மாதம் அதற்குப் பணம் கட்டுகிறோம், இந்த மூன்றையும் பொறுத்தது. மாலத்தீவு என் குடும்பத்துக்கு மூன்றிலும் தேறவில்லை என்று சொல்லமாட்டேன். முதலாவதில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் ஃபெயில்.

தீர்மானம் எண் ஒன்று: இந்த லீவுக்கு ராமேஸ்வரம், ஆறு பேரும். நிபந்தனைகள் என் மனைவி சொல்ல, என் பெண் அழகான கையெழுத்தில் எழுதினாள். புளியோதரை கிடையாது. அவரவர் ஈரத்துணியை அவரவர் பிழிய வேண்டும், தாத்தா உட்பட. காலையில் ஏழு மணிக்கு முன் யாரும் அவளை எழுப்பக்கூடாது. அப்பா மூன்றாவது நிபந்தனையில் 'கோயில் நாளைத் தவிர' என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஓட்டெடுப்பில் தோற்றார்.

தீர்மானம் எண் இரண்டு: அந்தமானுக்கு மாதம் 8,000 வீதம் சீட்டோ ஆர்.டி.யோ. 25 மாதத்தில் 2 லட்சம். கடனில் போயிருந்தால் மாதம் 9,800 கட்டவேண்டியது. இதில் குறைவாகக் கட்டி, வட்டியும் நாம் வாங்கலாம். காத்திருக்கிற 25 மாதமும் பிள்ளைகள் மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சந்தோஷத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

பாக்கி இருந்தது தண்ணீர். எதிர்வீட்டு அக்காவிடம் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டேன். நாங்கள் போகும்போது அவர்கள் எங்கள் தொட்டியை நிரப்புவார்கள், அவர்கள் போகும்போது நாங்கள். தெருவில் நாலு வீடு இப்படிச் சேர்ந்துவிட்டால் அம்மாமார்கள் நாலு பேரும் ஊர் பார்க்கலாம். சாவியைக் கொடுக்கப் போனபோது அக்கா சந்தோஷமாகக் கேட்டார்கள்.

"அத்தையும் மாமாவும்கூட வாராகளா? நல்ல காரியம் தம்பி. எந்த ஊருக்கு?"

"ராமேஸ்வரம்க்கா."

எங்கள் பக்கத்தில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போவது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். அக்கா முகம் சட்டென்று வாடிவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்கள்:

"அய்யய்யோ... யாரு தம்பி தவறிப்போனாக?"